அடுப்பு எரியுது, குஞ்சு நடுங்குது

கேள்வி: காங்கேயத்துக்கும் பல்லடத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். கிழக்கு மேற்காக 200 அடி நீளம், 25 அடி அகலத்தில் சிமெண்ட் அட்டைக் கொட்டகை. தாழ்வாரம் 8 அடி, முகடு 14 அடி. கம்பெனி கொடுக்கும் கறிக்கோழிக் குஞ்சு 5,000 விடுகிறோம். கிழக்குக் கோடியில் 60 அடியைத் தடுத்து, மூன்று டிரம்மில் கரி போட்டுக் குஞ்சுக்குச் சூடு கொடுக்கிறோம். புகைக்குழாய் கிடையாது. கம்பத்தில் மாட்டிய தெர்மாமீட்டர் 34 டிகிரி காட்டுகிறது. அப்படியும் விடியற்காலையில் குஞ்செல்லாம் மேற்குத் தடுப்போரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. போன மார்கழி பேட்சில் முதல் வாரத்திலேயே 190 செத்துவிட்டது. நாலாம் வாரத்தில் வயிற்றில் தண்ணீர் கோத்து இன்னும் கொஞ்சம் போனது. காற்று வரக் கூடாது என்று படுதாவை மேலே வரை இறுக்கித்தான் கட்டியிருக்கிறோம். ராத்திரிக்கு இரண்டு மூட்டை கரி ஆகிறது. சூடு கூரைக்குப் போய்விடுகிறதே, ஸ்டாண்டு ஃபேன் வைத்து இறக்கலாமா? இல்லை, இன்னொரு டிரம் சேர்க்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் கொட்டகையில் சூடு போதவில்லை என்பதல்ல கோளாறு. சூடு மேலே நிற்கிறது, குளிர்காற்று தரையில் ஓடுகிறது. இன்னொரு டிரம் வைத்தால் அந்த ஓட்டம் கூடுமே தவிரக் குறையாது.

எப்படி என்றால், சூடான காற்று இலேசாகி மேலே ஏறும். அட்டையின் நெளிவுக்கும் சட்டத்துக்கும் இடையே கையை விடுகிற அளவுக்குச் சந்து இருக்கும். முகட்டு ஓட்டுக்கு அடியிலும் இருக்கும். அந்த வழியாக அது வெளியேறும். போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். உங்கள் படுதா மேலே இறுக்கமாக இருப்பதால், அது கீழ் விளிம்பிலும் கதவடியிலும் தடுப்புப் படுதாவின் தரையோரத்திலும் நுழைகிறது. அதாவது குஞ்சின் முதுகு உயரத்தில். அடுப்பு எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு இழுக்கும். அடுப்பு தான் எரிவதற்கு எடுத்துக்கொள்ளும் காற்றையும் அதே தரையோரமாகத்தான் இழுக்கிறது. இரண்டு மூட்டைக் கரியும் பெரும்பாலும் அட்டையைத்தான் சூடாக்குகிறது.

குஞ்சுகள் மேற்கே குவிவது கிழக்கிலிருந்து காற்று வருவதைத்தான் காட்டுகிறது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிக் கிழக்குக் காற்று ஓடும். நீங்கள் அந்தக் காற்றுக்கு நேர் எதிரில், கிழக்குக் கோடியில், குஞ்சை வைத்திருக்கிறீர்கள். குளிர் என்றால் அடுப்பைச் சுற்றி நெருங்கும். சூடு அதிகமானால் அடுப்பை விட்டு விலகி, இறக்கையைத் தளர்த்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். ஒரு பக்கமாக மட்டும் ஒதுங்கினால் அது காற்றுவீச்சு. சரியாக இருந்தால் தீவனத் தட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே பரவலாகத் திரியும், தாழ்ந்த குரலில் கலகலவென்று சத்தம் வரும். தெர்மாமீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

அந்தத் தெர்மாமீட்டரைக் கம்பத்திலிருந்து கழற்றுங்கள். ஆள் உயரத்தில் 34 காட்டினால் தரையில் 27, 28 இருந்தாலும் ஆச்சரியமில்லை. கூளத்துக்கு (குஞ்சுக்குப் படுக்கையாகத் தரையில் பரப்புவது) இரண்டு அங்குலம் மேலே, அடுப்பிலிருந்து ஆறு அடி தள்ளி ஒன்று, கிழக்குத் தடுப்போரம் ஒன்று, மேற்கே ஒன்று என மூன்று மாட்டுங்கள். ஒன்றாவது அன்றைய குறைந்த அளவையும் கூடிய அளவையும் பிடித்து வைக்கிற வகையாக இருக்கட்டும். இரவு மூன்று மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்று அதுதான் சொல்லும். குஞ்சு இறங்கும் நாளில் அந்த உயரத்தில் 32 முதல் 34 டிகிரி வேண்டும். ஏழாம் நாள் 30, பதினாலாம் நாள் 27, இருபத்தோராம் நாள் 24 என்று இறக்கிக்கொண்டு வரலாம். கூளத்தின் சூடு தனிக் கணக்கு: குஞ்சு வரும்போது 28 முதல் 30 டிகிரி. முதல் ஐந்து நாள் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது; அந்தத் திறன் முழுதாக வர இரண்டு வாரம் பிடிக்கும். கால் வழியாக இழக்கும் சூட்டை மேலே நிற்கும் சூடான காற்று ஈடுகட்டாது. ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் கூளம் குளிர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட குஞ்சு தீவனத்துக்கு நடக்காது. இரை எடுத்திருக்கிறதா என்று பார்க்க, விட்ட எட்டு மணி நேரத்தில் 100 குஞ்சின் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். 80 குஞ்சிலாவது நிறைந்து மெதுவாக இருக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்கு 95-க்கு மேல் இருக்க வேண்டும்.

காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்திக் கட்டு போதும். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு, அடுப்பு எரியும்போதே, பத்தியைக் கணுக்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் நடந்து வாருங்கள். புகை நேராக எழுந்தால் அந்த இடம் சரி. படுத்துக்கொண்டு உள்ளே ஓடினால் அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பகலில் இந்தச் சோதனை பொய் சொல்லும். வெளியே 30 டிகிரி வெயில் அடிக்கும்போது இழுவையே இருக்காது.

இனி வேலை. முதலில் குஞ்சு வைக்கும் இடத்தைக் கிழக்குக் கோடியிலிருந்து கொட்டகையின் நடுவுக்கு மாற்றுங்கள். கிழக்கே காலியாகக் கிடக்கும் 60, 70 அடியே காற்றை வாங்கித் தேக்கும் அறையாகிவிடும். 60 அடியை 70 அடியாக்குங்கள். அப்போது 1,750 சதுர அடி கிடைக்கும், சதுர அடிக்கு மூன்று குஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இடம் முதல் ஐந்து நாளைக்குத்தான். பிறகு தடுப்பை நகர்த்தி விரித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு முனையிலும் குறுக்குப் படுதா தொங்கும்போது அது தரையைத் தொட்டால் போதாது. ஓரடி தரையில் மடிந்து கிடக்க வேண்டும், அந்த மடிப்பின்மேல் மணல் நிரப்பிய சாக்கு வைக்க வேண்டும். கிழக்கு முனையில் இரண்டு படுதா, நடுவே இரண்டடி இடைவெளி விட்டு. ஆள் போகும் வழியை இரண்டிலும் நேருக்கு நேர் வைக்காமல், ஒன்றில் வடக்கோரமும் மற்றொன்றில் தெற்கோரமும் வையுங்கள்.

பக்கப் படுதா கட்டுகிற முறையில்தான் பாதிப் பண்ணைகள் தவறு செய்கின்றன. மேலே ஆணியடித்து, கீழிருந்து சுருட்டித் தூக்குவார்கள். காற்று வேண்டும் என்று ஒரு சாண் தூக்கினால் அது நேரே குஞ்சின்மேல் விழும். மாற்றிக் கட்டுங்கள். கீழ் விளிம்பைச் சுவரின் வெளிப்புறத்தில், சுவர் மேல்மட்டத்துக்கு ஆறு அங்குலம் கீழே வரும்படி, ரீப்பர் கட்டை வைத்து ஒன்றரை அடிக்கு ஒரு ஆணி அடித்து நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். மேல் விளிம்பைக் கயிறும் கப்பியும் கொண்டு இறக்கி ஏற்றும்படி வையுங்கள். இப்படிச் செய்தால் திறப்பு எப்போதும் தாழ்வாரத்தை ஒட்டியே இருக்கும். வெளிக்காற்று மேலே நுழைந்து, அங்கே நிற்கும் சூட்டோடு கலந்து, குளிர் மாறித்தான் கீழே வரும். ஓரங்களில் படுதா கம்பத்தைத் தாண்டி ஓரடி போக வேண்டும். ஓட்டை விழுந்த உரச்சாக்குப் படுதா வேண்டாம். இந்த 70 அடிக்காவது நல்ல தார்ப்பாய் வாங்கிக்கொள்ளுங்கள்.

முழுக்க மூடிவிடாதீர்கள். உங்கள் நாலாம் வார இறப்புக்கு விதை முதல் வாரத்திலேயே விழுந்துவிட்டது. புகைக்குழாய் இல்லாத மூன்று கரி டிரம், மேலே வரை மூடிய படுதா, உள்ளே 5,000 உயிர் என்றால் காற்றில் பிராணவாயு குறையும். கரியமில வாயுவும், அதைவிடப் பொல்லாத கார்பன் மோனாக்சைடும் சேரும். பிராணவாயு குறைந்தால் அதை ஈடுகட்ட இதயம் மிகையாக வேலை செய்யும். குளிரும் அதே சுமையைத்தான் கூட்டும். நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, வலது பக்க இதயம் தளர்ந்து, கறிக்கோழி வேகமாக எடை போடுகிற மூன்றாம், நாலாம் வாரத்தில் வயிற்றில் நீராக இறங்கும். அப்போது மருந்து கொடுத்துப் பயனில்லை. மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. குஞ்சு தூங்கி வழியும். செத்ததை அறுத்தால் சதையும் நுரையீரலும் வழக்கத்துக்கு மாறாகச் செக்கச்செவேல் என்று இருக்கும். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று பண்ணையாள் அந்தத் தடுப்புக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுப்பது பல இடத்தில் வழக்கம். அது ஆளையே கொன்றுவிடும். படுக்கை வெளியே சாளையில்தான் இருக்க வேண்டும். அலாரம் வைத்து எழுந்து வரட்டும்.

ஆகையால் முதல் இரவிலிருந்தே தெற்குப் பக்கப் படுதாவின் மேல் விளிம்பு ஆறு அங்குலம் இறங்கியே இருக்கட்டும். வடக்கே இரண்டு, மூன்று அங்குலம் போதும். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால், அல்லது மூத்திர நெடி அடித்தால், இன்னும் ஆறு அங்குலம் இறக்குங்கள். சூடு குறைகிறதே என்றால் கரி போடுங்கள். காற்றை அடைத்துக் கரியை மிச்சப்படுத்துவது, எருமையைப் பட்டினி போட்டுத் தீவனச் செலவைக் குறைப்பது மாதிரி. கேஸ் புரூடருக்கு (குஞ்சுக்குச் சூடு தரும் கேஸ் அடுப்பு) மாறினாலும் இந்தத் திறப்பு வேண்டும். அதுவும் உள்ளிருக்கும் காற்றைத்தான் எரிக்கிறது.

அடுத்தது கூரைச் சூடு. நீங்கள் ஃபேன் கேட்டது இதற்குத்தான். அதைவிட நல்லது உள்கூரை. உங்கள் கொட்டகையின் குறுக்கு வெட்டுப் பரப்பு 275 சதுர அடி. 70 அடி நீளத்துக்கு 19,250 கன அடிக் காற்றைச் சூடாக்குகிறீர்கள். ஏழடி உயரத்தில் கம்பி இழுத்து, அதன்மேல் துணி விரித்தால் 12,250 கன அடிதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. கெட்டி பாலித்தீன் தாள் போட்டால் அதன் அடியில் வியர்த்துச் சொட்டும். இப்போதே விடியற்காலையில் சிமெண்ட் அட்டையிலிருந்து கூளத்தில் சொட்டிக்கொண்டுதான் இருக்கும், பார்த்திருப்பீர்கள். துவைத்துக் காயவைத்த சணல் சாக்குகளைத் தைத்துப் போடுவது மேல். கம்பி மூன்றடிக்கு ஒன்று, கொட்டகையின் அகலவாக்கில். இரண்டு பக்கமும் படுதாவைத் தொடாமல் ஓரடி விட்டுவிட வேண்டும். மேலே நுழையும் புதுக்காற்று உள்ளே இறங்குவதும், ஈரக்காற்று வெளியேறுவதும் அந்த இடைவெளியால்தான். சாக்கு சீக்கிரம் தீப்பிடிக்கும் பொருள். ஒவ்வொரு அடுப்புக்கும் நேர்மேலே ஆறடிக்கு ஆறடி சாக்கு இல்லாமல் தகரத்தைத் தொங்கவிடுங்கள்.

அடுப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புகைக்குழாய் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் பாதிதான் பலன் தரும். 200 லிட்டர் டிரம்மின் மூடியை நன்றாக அடைத்து, அடியில் சாம்பல் கதவு, அதற்கு மேலே கரி போடும் கதவு, நடுவே இரும்புச் சல்லடை வையுங்கள். மூடியின் நடுவில் ஆறு அங்குலக் குழாய். முதல் மூன்றடி பூச்சில்லாத கருப்பு இரும்பாக இருக்கட்டும். துத்தநாகப் பூச்சுக் குழாய் அடுப்பை ஒட்டி இருந்தால் மிகுந்த சூட்டில் நச்சுப்புகை விடும். குழாய் ஆறடிக்கு மேல் ஏறியதும் வளைந்து, தெற்குப் பக்கம் நோக்கி, அடிக்கு அரை அங்குலமாவது ஏறும்படி ஓடட்டும். இந்தப் பத்து, பன்னிரண்டு அடி ஓட்டத்தில்தான் வெளியே போக வேண்டிய சூடு உள்ளே நின்றுவிடுகிறது. நெடுக அதற்கு மேலே சாக்குக்குப் பதில் நாலடி அகலத் தகரம். வெளியேறும் இடத்தில் படுதாவை வெட்டி இரண்டடிச் சதுரத் தகட்டைப் பொருத்தி அதன் வழியே விடுங்கள். சிமெண்ட் அட்டையில் துளை போடாதீர்கள். பழைய அட்டையில் கல்நார் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வெளியே வந்ததும் நேராக மேலே ஏறி, முகட்டைவிட இரண்டடி உயர்ந்து நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் காற்று கூரைமேல் புரண்டு குழாய்க்குள்ளேயே இறங்கிப் புகையைத் திருப்பித் தள்ளும். இரண்டு வளைவுக்கு மேல் கூடாது. உச்சியில் மழைக்குல்லாயும் தீப்பொறி தடுக்கக் கம்பிவலையும் வையுங்கள். குஞ்சு வருவதற்கு முன்னால் டிரம்மை வெளியே வைத்து ஒரு முறை நன்றாக எரித்து, பெயிண்டும் எண்ணெயும் போன பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே நேராகக் கொடுத்துவிட்டால் அடுப்பு தரைக்காற்றை இழுப்பது நின்றுவிடும். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, செலவோ மிகச் சொற்பம். நாலு அங்குல பி.வி.சி. குழாய், தோட்டத்தில் எங்காவது கிடக்கும். வடக்குச் சுவரில் துளையிட்டு, தரையோடு ஒட்டிப் படுக்கவைத்து, சாம்பல் கதவு வரை கொண்டுபோங்கள். கடைசி மூன்றடி மட்டும் இரும்புக் குழாய், பி.வி.சி. உருகிவிடும். வெளிவாயில் எலி நுழையாமல் வலை. டிரம்மோடு சேரும் இடத்தில் ஒரு தகட்டை முன்னும் பின்னும் தள்ளும்படி வைத்தால், எரிகிற வேகத்தை அதை வைத்தே கூட்டிக் குறைக்கலாம். சாம்பல் கதவு மூடியே இருக்கட்டும். கதவைத் திறந்து வைத்தால் இவ்வளவும் வீண்.

மூன்று டிரம்மும் நடுவரிசையில் சம இடைவெளியில் இருக்க வேண்டியதில்லை. கிழக்குக் குறுக்குப் படுதாவிலிருந்து எட்டடி தள்ளி ஒன்று, அங்கிருந்து இருபதடியில் அடுத்தது, அதற்கும் இருபத்தைந்து அடி தள்ளி மூன்றாவது. குளிர் நுழையும் பக்கத்தில் சூடு முந்தி நிற்கட்டும். ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டடி தள்ளி முக்கால் அடி உயரத்துக்குச் செங்கல் அடுக்குங்கள். குஞ்சு சுட்டுக்கொள்ளாது, செங்கல்லும் சூடு பிடித்துக்கொண்டு கரி தணிந்த பிறகும் ஒரு மணி நேரம் கொடுக்கும். அந்த வட்டத்துக்குள் கூளம் ஒரு துளியும் இருக்கக் கூடாது. புகைக்குழாய் வைத்த பிறகு உள்காற்று வறண்டுவிடும். முதல் வாரம் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் வேண்டும் என்பதால் டிரம் மூடியின்மேல் ஒரு குண்டாவில் தண்ணீர் வையுங்கள்.

ஃபேனுக்கு வருவோம். ஸ்டாண்டு ஃபேன் கூடவே கூடாது. இரண்டு வாரம் வரை குஞ்சு மட்டத்தில் காற்று நொடிக்கு 0.3 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. ஸ்டாண்டு ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்தாலும் அதைப்போல் பல மடங்கு வீசும். 33 டிகிரிக் காற்றே வேகமாக வீசினால் இறகு முளைக்காத குஞ்சுக்குக் குளிர்தான். உள்கூரை போட முடியாமல் போனால் மட்டும், சாதாரண 48 அங்குலக் கூரை ஃபேனை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து எதிர்ப்பக்கம் சுற்றும்படி மாற்றச் சொல்லி, தரையிலிருந்து பத்தடிக்குக் குறையாத உயரத்தில், இருபது அடிக்கு ஒன்றாக, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடலாம். அது காற்றை மேல்நோக்கித் தள்ளும். முகட்டில் தேங்கிய சூடு கூரைச் சரிவோடு ஒதுங்கி, இரண்டு பக்கப் படுதாவோரமாக மெல்ல இறங்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கோழி இறகை நூலில் கட்டிக் கூளத்துக்கு மூன்று அங்குலம் மேலே தொங்கவிடுங்கள். இறகு இலேசாக அசையலாம், ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் ஃபேனை நிறுத்திவிடுங்கள். உள்கூரை போட்டால் ஃபேனுக்கு வேலையே இல்லை.

கூளம் என்ன போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. நம் பக்கம் தேங்காய் நார்க்கழிவு மலிவு என்பதால் அதுவாகத்தான் இருக்கும். நல்ல பொருள்தான், ஆனால் தண்ணீரைப் பஞ்சு மாதிரி குடித்து வைத்திருக்கும். ஈரம் ஆவியாகும்போது கூளத்திலிருந்து சூட்டை இழுக்கும். மேலே நீங்கள் என்ன எரித்தாலும் பாதம் குளிர்ந்தே இருக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து கையை விரித்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் இன்னும் இரண்டு நாள் வெயிலில் கிளறிக் காயவைக்க வேண்டும். மார்கழிக்கு மூன்று அங்குலக் கனம் போடுங்கள். அடுப்பைக் குஞ்சு வண்டி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் மூட்டுவது பிரயோசனமில்லை. சிமெண்ட் தரை சூடேற 24 மணி நேரம் வேண்டும். மழை ஈரம் இருந்தால் 36 மணி நேரம்.

இரவு வேலையை நேரம் வைத்துச் செய்யுங்கள். பத்து மணிக்கு டிரம் நிறையப் போட்டுவிட்டுப் படுத்தால், பன்னிரண்டு மணிக்கு உள்ளே 36 டிகிரி, நாலு மணிக்கு 26. குஞ்சு ஏறி மிதித்துச் சாவது அந்த நாலு மணிக்குத்தான். பத்துக்கு ஒரு பங்கு, ஒன்றரைக்கு ஒரு பங்கு, நாலுக்கு ஒரு பங்கு என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். கரியோடு தேங்காய்த் தொட்டியைச் சேர்க்கலாம், அது காய்ந்திருக்க வேண்டும். பச்சைச் சீமைக்கருவேலக் கட்டை போட்டால் வெளியே நிற்கும் குழாயில் கீல் படிந்து ஒரு மாதத்தில் வாய் சுருங்கிவிடும். எப்படியும் ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் குழாயைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். பகல் பத்து மணிக்கு மேல் அடுப்பைத் தணித்து, இரண்டு பக்கமும் படுதாவை ஒன்றரை அடி இறக்கிவிடுங்கள். இரவில் 18 டிகிரிக்கு இறங்கும் அதே நாளில் மதியம் 30 அடிக்கும். உள்கூரையோடு அதை மூடி வைத்தால் குஞ்சு வெந்துபோகும்.

முதல் வார இறப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது, உங்கள் அளவுக்கு 50. அடுத்த பேட்சில் இதற்கு மேல் போனால், காற்றைக் குறை சொல்லும் முன் செத்த குஞ்சில் நாலைந்தைப் பக்கத்துக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொப்புள் ஆறாமல், மஞ்சள் கரு கரையாமல் இருந்தால் அது குஞ்சு பொரித்த இடத்துக் கோளாறாகவும் இருக்கலாம். அதை எழுத்தில் வாங்கிக் கம்பெனி சூப்பர்வைசரிடம் காட்டுங்கள்.

கிழக்கே கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) இருந்தால் அதன் கிளுவை வேலியை வெட்டிவிடாதீர்கள். வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை அது காற்றை உடைக்கும். இடைவெளி உள்ள வேலிதான் இதற்கு நல்லது, மொட்டைச் சுவர் எழுப்பினால் காற்று அதன்மேல் ஏறிக் குதித்துக் கொட்டகைமேல் சுழலும். வேலி இல்லாவிட்டால் இந்தப் பருவத்துக்குக் கிழக்கு முகப்பிலிருந்து பதினைந்து அடி தள்ளி, பத்தடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலையைக் கட்டினால் போதும். ஆனியில் மேற்குக் காற்று தொடங்கியதும் வலையை அவிழ்த்து மேற்கே கட்டிவிடுங்கள். இரட்டைப் படுதாவும் முதல் டிரம்மும் அப்போது மேற்கு முனைக்குப் போக வேண்டும்.